கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரை மணல் எங்கே போகிறது?

மரைன் டிரைவ் வாசி:
வவுனியாவிலிருந்து வந்து இங்கே குடியிருக்கிறோம். தை மாதம் தண்டவாளத்தைக் கடந்து இறங்கினால் பிள்ளைகள் ஓடி விளையாட மணல் இருந்தது. இப்போது ஆனியில் அலை நேரே கருங்கல்லில் வந்து அடிக்கிறது. கல்கிசையில் மட்டும் எப்படி மணல் நிற்கிறது? இங்கே திரும்ப வருமா?

தெகிவளைக் கிழவன்:
வரும் தம்பி, ஆனால் போனது முழுக்க வராது. சோளகம், அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று, தொடங்கினால் கடல் மணலை இழுத்துப் போய்க் கரைக்குச் சற்றுத் தள்ளி அடியில் திட்டாகப் போட்டு வைக்கும். கடல் அடங்கியதும் அது மெல்லக் கரையேறும். புது மணல் வரவேண்டியது தெற்கே களுத்துறையில் கடலில் விழும் களுகங்கையிலிருந்து. கரையோரமாகவே வடக்கே நகர்ந்து வரும். வீடு கட்ட ஆற்றிலேயே அள்ளிவிட்டால் இங்கே என்ன மிஞ்சும்?

அப்புறம் ரயில் பாதை. வெள்ளைக்காரன் 1877இல் பாணந்துறை வரை போட்ட பாதை, அலைக்கு இவ்வளவு பக்கத்தில்! அதைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல்லில் மோதித் திரும்பும் அலை முன்னால் கிடக்கும் மணலையும் வாரிப் போகிறது. ரயிலும் வேண்டும், என்ன செய்வது?

கல்கிசையில் ஒரு பாறை முனை உண்டு. 1806இல் ஆளுநர் மெயிட்லண்ட் மாளிகை கட்டிய இடம், இப்போது ஹோட்டல். தென்மேற்கு அலையின் வேகத்தை அந்தப் பாறை கொஞ்சம் மறிக்கிறது. 2020இல் அங்கேயும் கடலடி மணலை பம்ப் பண்ணிக் கொட்டினார்கள். பெரும் பங்கு அலையோடு போய்விட்டதென்று அப்போது ஒரே சண்டை.

அடம்பன் கொடி:
ஐயா, என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! அடம்பன் கொடி படர்ந்த இடத்தில் காற்றுக்கு மணல் பறக்காது. துப்புரவு என்று அதைப் பிடுங்கி எறிபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மணலைக் கிளறினால் வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் தெரிகின்றனவா பாருங்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது கொட்டியவை மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. ஆட்கள் சல்லடை போட்டுச் சலித்தும் தீரவில்லை. பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரைன் டிரைவ் வாசி:
நன்றி ஐயா, நன்றி அக்கா. வாய்க்கால் கடலில் விழும் பக்கம் குளிக்கலாமா?

தெகிவளைக் கிழவன்:
வேண்டாம். ஊர்க் கழிவு முழுக்க அதில்தான் வருகிறது. மார்கழிக்குப் பிறகு கல்கிசைக்குக் கூட்டிப் போங்கள்.