வாப்பா விட்டுட்டுப் போன பழைய வெப்லி ரிவால்வர்: விலையை எப்படிக் கணக்குப் போடுறது?

கேள்வி: கீழக்கரையிலிருந்து

எல்லாருக்கும் சலாம். வாப்பா மௌத்தாகி நாலு மாசம் ஆகுது. பாகம் பிரிக்க உட்கார்ந்திருக்கோம். வீடு, தோப்பு எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஒரு ரிவால்வர் மட்டும் நிக்குது. வாப்பாவோட வாப்பா காலத்துல வந்தது, அப்புறம் வாப்பா பேருக்கு லைசென்ஸ் மாறியிருக்கு. பீரோவுக்குள்ள பனை ஓலைப்பெட்டி, அதுக்குள்ள தோல் உறை, உறைக்குள்ள ரிவால்வர். கூடவே பன்னெண்டு தோட்டா.

ஃபிரேம்ல 1917ன்னு அடிச்சிருக்கு, மேல "வெப்லி மார்க் 6"ன்னு எழுத்து. பிடி கருப்பு. அடியில கயிறு மாட்டுற வளையம் இருக்கு. வாப்பா வருஷா வருஷம் தேங்காயெண்ணெய் தடவி வைப்பாங்க, அது இப்ப பசை மாதிரி இறுகிக் கிடக்கு. குழல் மேல உப்புக்காத்துத் துரு. நேத்து ராத்திரி ஒரு ஓரத்துல எமரித்தாள் போட்டுப் பார்த்தேன், வெள்ளையா பளிச்சுன்னு வந்துச்சு. முழுசா போட்டுட்டா நல்ல விலை வருமா?

மச்சான் நெட்டுல பார்த்துட்டு வெளிநாட்டு ஏலத்துல பெரிய தொகைக்குப் போகுதுன்னு சொல்றார். இதை நானே வச்சுக்கணும்னு ஆசை. உம்மாவுக்கு எட்டில் ஒண்ணு, பாக்கியில எனக்கு ரெண்டு பங்கு, லாத்தா (அக்கா) ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. நான் விலையைக் குறைச்சு வச்சா அவங்க ஹக்கை (உரிமையை) நான் தின்ன மாதிரி ஆயிடும். சரியான மதிப்பு தெரியணும்.

பதில்: பரமக்குடி, ஓய்வுபெற்ற ராணுவத்தான்

தம்பி, எமரித்தாளைத் தூரப் போடுங்க. இனி ஒரு இழுப்பு கூட வேண்டாம். நீங்க துருன்னு நினைச்சுத் தேய்ச்சதோட நீலக்கருப்புப் பூச்சும் போயிடுச்சு. சேகரிக்கிறவன் காசு கொடுக்கிறதே அந்தப் பழைய பூச்சுக்குத்தான். அது ஒரு தடவைதான் வரும். புதுசா பூசினா எழுத்தோட ஓரம் மழுங்கும், திருகாணித் துளையைச் சுத்திப் பள்ளம் விழும், தெரிஞ்சவன் கண்ணுக்கு உடனே பட்டுடும்.

விலைக்கு முன்னாடி இன்னொரு விஷயம். லைசென்ஸ் வாப்பா பேருல. அவர் போன அன்னிக்கே அது உங்க வீட்டுல இருக்கிற உரிமை முடிஞ்சு போச்சு. 1959 ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவு, தாமதம் பண்ணாம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கச் சொல்லுது. நாலு மாசம் ஆச்சு. நாளைக் காலையில ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவங்க சொல்ற மாதிரி கொண்டுபோங்க. லைசென்ஸ் புக், இறப்புச் சான்றிதழ் கையில இருக்கட்டும். ரசீதுல நம்பர், போர் (குழலோட உள்விட்டம்), தோட்டா எண்ணிக்கை மூணும் எழுதி வாங்குங்க. ஒப்படைச்சா போயிடும்னு பயப்படாதீங்க. குறிச்ச காலத்துக்குள்ள வாரிசு லைசென்ஸ் வாங்கித் திரும்ப எடுக்கலாம், இல்லைன்னா தகுதியுள்ளவருக்கு விக்கலாம். அதே பிரிவுல இருக்கு.

பதில்: தொண்டியிலிருந்து

நூறு வருஷம் தாண்டிட்டா அது பழம்பொருள், லைசென்ஸே வேண்டாம்னு கேள்விப்பட்டிருக்கேன். சுவத்துல மாட்டி வைக்கலாமே?

பதில்: ராமநாதபுரம், வக்கீல் குமாஸ்தா

தயவுசெய்து இதை நம்பி யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம். 45ஆம் பிரிவில் பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. எண்ணெய் போட்டு வைத்த வெப்லி அந்தக் கணக்கில் வராது. வயதை மட்டும் காட்டி யாரும் தப்ப முடியாது.

வெளிநாட்டு ஏல விலையையும் மறந்துவிடுங்கள். ஆயுதத்தை வெளியே அனுப்பத் தனி உரிமம் வேண்டும். நூறு ஆண்டைத் தாண்டிய பொருளென்றால் 1972 தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். நீங்கள் போய் நிற்க முடியாத சந்தையின் விலையை லாத்தாமார் பங்குக்கு எப்படி வைப்பீர்கள்?

லைசென்ஸ் புத்தகத்தில் போர் என்னவென்று எழுதியிருக்கிறது? உங்கள் கேள்விக்கான பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

இன்னிக்கு ஒப்படைச்சுட்டேன். எஸ்.ஐ. நல்லபடியா நடந்துக்கிட்டார், ரசீது கொடுத்தாங்க. புக்குல .455ன்னு போட்டிருக்கு.

பதில்: ராமநாதபுரம், வக்கீல் குமாஸ்தா

அப்படியானால் அது பி.பி. போர், அதாவது தடைசெய்யப்பட்ட விட்டம். .380, .455 தோட்டா ஏறும் ரிவால்வர்கள் 1962 விதிகளின் அட்டவணையிலேயே தடைசெய்யப்பட்ட வகையில் இருந்தவை. பி.பி. லைசென்ஸ் உள்ளவர்தான் வாங்க முடியும், அவர்கள் மிகச் சிலர். அந்த லைசென்ஸ் கலெக்டர் கையில் இல்லை, மத்திய உள்துறை அமைச்சகம் வரை போகும். இதே வெப்லி .32 ஆக இருந்திருந்தால் கதையே வேறு. எண்பதுகளின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால் நல்ல நிலையிலுள்ள வெளிநாட்டு .32க்கு நம் ஊரில் அடிதடி. கான்பூரில் செய்யும் .32 இருந்தாலும் பழைய வெப்லி என்றால் ஆட்கள் தேடி வருவார்கள். ஒரே கம்பெனி, ஒரே பறக்கும் குண்டு முத்திரை. விலையை முடிவு செய்வது குழலின் விட்டம்தான்.

வச்சுக்கொள்ள ஆசை என்றால் 2016 விதிகளின் 25ஆம் விதிப்படி வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம். மற்ற வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டிவரும். அதனால் பாகத்தை முதலில் நேர்மையாக முடித்துக்கொள்வது உங்களுக்கே நல்லது.

பதில்: பரமக்குடி, ஓய்வுபெற்ற ராணுவத்தான்

குமாஸ்தா சொன்னதுதான் பெரிய விஷயம். இருந்தாலும் மதிப்புக் கடிதம் வாங்கப் போறப்ப டீலர் எதைப் பார்க்கணும்னு சொல்றேன், பக்கத்துல நின்னு நீங்களும் பாருங்க. மார்க் 6, 1915ல பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்ட மாடல். ஆறு அங்குலக் குழல். முதல்ல ஃபிரேம் நம்பரும் சிலிண்டர் (தோட்டா ஏறுற உருளை) நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. வேறயா இருந்தா சிலிண்டர் மாத்தினது, சேகரிப்பு மதிப்பு இறங்கிடும். அடுத்து சிலிண்டரோட பின்முகம். .455 தோட்டா கிடைக்காம .45 போடுறதுக்காகப் பின்பக்கம் அரைச்ச ரிவால்வர்கள் வெளிநாட்டுல ஏராளம். அரைச்சிருந்தா மதிப்பு குறைவு. அந்த .45 தோட்டாவோட அழுத்தத்தைத் தாங்க இது செஞ்சதும் இல்லை, ஆபத்து.

குதிரையை (பின்னாடி இருக்கிற சுத்தியலை) இழுத்து நிறுத்தினப்புறம் சிலிண்டர் ஆடக் கூடாது. மேல்பூட்டு லீவரை அமுக்கித் திறந்தா கீல்ல தளர்ச்சி இருக்கக் கூடாது. குழலுக்குள்ள விளக்கு அடிச்சுப் பார்த்தா சுழல்வரி கூரா தெரியணும். நம்ம கடலோரத்துல வெளியில நல்லா இருந்து உள்ள புள்ளிப் புள்ளியா அரிச்சது நிறைய. ராணுவ அம்புக்குறி முத்திரை ஒண்ணா இருக்கா, இல்ல ரெண்டு அம்பு முனையோட முனை முட்டிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க. முட்டிக்கிட்டு இருந்தா ராணுவமே முறைப்படி வித்துட்டதுக்கு அடையாளம். பூர்வீகம் சுத்தம்.

பதில்: தேவிபட்டினத்திலிருந்து

எங்க சித்தப்பா துப்பாக்கிக்கு ஒரு பட்டறையில நிக்கல் பூசிக் கொடுத்தாங்க. கல்யாணப் பாத்திரம் மாதிரி மின்னுச்சு. டீலர் கையில வாங்கி நம்பர் இருக்கிற இடத்தை விரலால தடவிப் பார்த்துட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துட்டார். எழுத்துப் பாதி அழிஞ்சிருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் சித்தப்பாவுக்கு அது ஆறலை. கீழக்கரைத் தம்பி, நீங்க ஒரு ஓரத்தோட நிறுத்தினீங்களே, அது போதும்.

கேள்வி கேட்டவர்

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். அனுமதி வாங்கி மதுரையிலேர்ந்து ரெண்டு டீலரைத் தனித்தனியா வரவழைச்சுக் காட்டினோம். மூத்த லாத்தாவும் கூட வந்து நின்னாங்க. ஃபிரேமும் சிலிண்டரும் ஒரே நம்பர். பின்முகம் அரைக்கலை. அம்பு ரெண்டும் முனை முட்டித்தான் இருக்கு. லாத்தாதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, "இங்க பாருடா, நட்சத்திரம் மாதிரி"ன்னு. ஆனா குழலுக்குள்ள வாய்ப்பக்கம் அரிப்பு. நான் தேய்ச்ச இடத்தை ரெண்டு பேருமே கடிதத்துல எழுதிட்டாங்க.

மச்சான் சொன்ன தொகைக்குப் பக்கத்துல கூட வரலை. ரெண்டு கடிதத்துல எது அதிகமோ அதையே கணக்குல வச்சு உம்மாவுக்கும் லாத்தாமாருக்கும் பங்கைக் கொடுத்துட்டேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. வாரிசு லைசென்ஸ் மனு கொடுத்தாச்சு. கிடைக்கலைன்னா டீலருக்குக் கொடுக்கிறதுன்னும் பேசி வச்சிருக்கோம்.

ஒரு சந்தேகம். ஸ்டேஷன்ல அந்தத் தோல் உறைக்குள்ளயே வச்சிருக்காங்க. மனு முடிய எத்தனை மாசம் ஆகுமோ. உறையோட இருந்தா பரவாயில்லையா?

பதில்: பரமக்குடி, ஓய்வுபெற்ற ராணுவத்தான்

இருக்கவே கூடாது தம்பி. தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில உள்ளுக்குள்ளயே அரிச்சுடும். உறையைத் தனியா வைக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுங்க. இல்லைன்னா டீலர் காவலுக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க, அவங்க கெட்டியான தேங்காயெண்ணெயை முறையா எடுத்துட்டுத் துப்பாக்கி எண்ணெய் போட்டு வைப்பாங்க. உறையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதுல எழுத்தோ வருஷமோ அடிச்சிருக்கான்னு பாருங்க, இருந்தா அதுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

கேள்வி கேட்டவர்

நாளைக்கே மனு கொடுக்குறேன் ஐயா. உறை மூடிக்குள்ள ஏதோ எழுத்து இருந்த ஞாபகம். அதுக்கு விலை வந்தா லாத்தாமாருக்கும் உம்மாவுக்கும் சொல்லிடுறேன்.