அறுவடை முடிய அம்மாவோடு திருச்சி, பழனி, மதுரை, இராமேஸ்வரம்: என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பரந்தன் சந்தி எழுதியது:

வணக்கம். பெரும்போக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வந்ததும் அம்மாவையும் பெரியம்மாவையும் இந்தியாவுக்குக் கூட்டிப் போக இருக்கிறேன். பலாலி விமான நிலையத்தில் ஏறித் திருச்சியில் இறங்கி ஸ்ரீரங்கம், பழனி, மதுரை, கடைசியாக இராமேஸ்வரம். பத்து நாள். மூவருக்கும் கடவுச்சீட்டு இருக்கிறது. மூவரும் விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் முறை. அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தம், காலையும் மாலையும் இன்சுலின். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறமாட்டார். ஏஜென்சிக்காரர் "எல்லாம் நாங்கள் பார்ப்போம்" என்கிறார். ஆனால் நானே விளங்கிக்கொண்டு செய்ய விரும்புகிறேன். வயதானவர்களைக் கூட்டிப் போய் வந்தவர்கள் விசா, காசு, மருந்து, போன் பற்றிச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் அக்கா எழுதியது:

தம்பி, நல்ல காரியம். நான் ஓய்வு பெற்ற தாதி. எங்கள் பக்கத்து அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு இதே வழியில் போய் வருகிறவள். போனும் காசும் கடவுச்சீட்டும் உங்கள் ஒருவர் பையில் மட்டும் இருக்கிற மாதிரி ஆயத்தம் செய்யாதீர்கள். பெரியம்மா கூட்டத்தில் தனியே நின்றுவிட்டால் அவர் என்ன செய்வார் என்று முதலில் யோசியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் பெயர். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்து, பிறகு நடமாடும் சேவையில் புதிதாக எடுத்த ஆட்கள் வன்னியில் நிறைய. அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்து என்று இருக்கும். விசாவுக்கும் ரிக்கெற்றுக்கும் கடவுச்சீட்டில் இருப்பதுதான் கணக்கு. தகப்பன் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சொந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் என்று பார்த்து, ஆங்கில எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள். ஏஜென்சியிடம் கொடுத்தாலும் அனுப்ப முன் படிவத்தை வாங்கி ஒரு தடவை வாசியுங்கள்.

விசா இணையத்திலேயே எடுக்கலாம். இந்திய அரசின் தளத்தின் முகவரி gov.in என்று முடிய வேண்டும். அதே முகத்தோடு வேறு தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும், கூடுதலாகக் காசு பிடுங்கும். கடவுச்சீட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது காலம் இருக்க வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சதுரப் படம் வேண்டும். 30 நாள் விசாவை மிக முந்தி விண்ணப்பிக்க முடியாது, பயணத்துக்கு முந்திய 30 நாளுக்குள்தான். கடைசி நாலு நாள் வரை இழுக்கவும் கூடாது. அனுமதி வந்ததும் ஆளுக்கு இரண்டு பிரதி அச்சடியுங்கள். 2025 ஒக்டோபரில் இருந்து வருகைப் படிவமும் இணையத்தில்தான், இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இந்த இரண்டு தாளையும் அம்மாவின் கையில் அம்மாவுடையது, பெரியம்மாவின் கையில் பெரியம்மாவுடையது என்று பிரித்துக் கொடுங்கள். குடிவரவு மேசைக்கு ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள்.

அங்கே கைரேகை எடுப்பார்கள். வயலிலும் அடுப்படியிலும் தேய்ந்த விரல், கருவி சட்டென்று பிடிக்காது. துடைத்து மறுபடி வைக்கச் சொல்வார்கள், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே சொல்லி வையுங்கள். எத்தனையோ அம்மாக்கள் அந்த மேசையில் கை நடுங்க நிற்பதைப் பார்த்திருக்கிறேன், மனம் தாங்காது.

இனி மருந்து. கிளினிக்கில் தருகிற குளிசை சின்னக் காகித உறையில், கையால் எழுதியபடி இருக்கும். அது வீட்டுக்குச் சரி, பயணத்துக்கு வேண்டாம். பாமசியில் அட்டையோடு வாங்குங்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள், மருந்தின் மூலப் பெயரும் அளவும் போட்டு வைத்தியரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள், ஊசிக்கும் சேர்த்து. பத்து நாளுக்குப் பத்து நாள் மருந்து என்று எண்ணாமல் ஒரு கிழமை கூடுதலாக எடுங்கள். இன்சுலின் கையில் கொண்டு போகும் பைக்குள்தான் போக வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வைத்தால் உறையக்கூடும், உறைந்த இன்சுலினைப் பிறகு பாவிக்கவே கூடாது. ஐஸ் பொதியோடு வைத்தாலும் குப்பி ஐஸில் நேரே முட்டாமல் துணியால் சுற்றுங்கள்.

இதைவிட முக்கியம் ஒன்று. கோயிலுக்குப் போகிற அன்று விடிய இன்சுலினைப் போட்டுவிட்டு, சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பிடுவேன் என்று எங்கள் அம்மாக்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். பழனியிலும் மதுரையிலும் வரிசை மணிக்கணக்கில் போகும். சீனி இறங்கி வியர்த்துத் தலை சுற்றி விழுவது அப்போதுதான். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும். விரதம் என்றால் அன்றைய அளவை என்ன செய்வது என்று புறப்பட முன்னமே வைத்தியரிடம் கேளுங்கள். அம்மாவின் கைப்பையில் குளுக்கோஸ் பக்கெற் எப்போதும் இருக்கட்டும். உங்கள் பையில் இருந்து பயனில்லை.

ஏனென்றால் உங்களால் அவரைப் போனில் பிடிக்க முடியாது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போன் விடமாட்டார்கள், வாசலில் ஒப்படைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களில் போனுக்குத் தடை போடச் சொல்லி 2022 டிசெம்பரில் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. மதுரையில் நாலு திசைக்கும் நாலு பெரிய கோபுர வாசல், புதிதாகப் போகிறவருக்கு நாலும் ஒரே மாதிரி. போனையும் செருப்பையும் எந்த வாசலில் கொடுத்தீர்களோ அங்கேதான் திரும்பி வர வேண்டும். உள்ளே போக முன் "பிரிந்தால் இந்த வாசலில்" என்று இடத்தைக் காட்டிப் பேசுங்கள். லொட்ஜின் பெயர், முகவரி, உங்கள் இந்தியப் போன் இலக்கம், ஊரில் வீட்டுப் போன் இலக்கம், சீனி வருத்தம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, லேமினேற் செய்து, இருவர் கைப்பையிலும் வையுங்கள்.

பழனியில் 693 படி. பெரியம்மாவுக்கு இழுவை ரயிலும் கம்பிவடக் காரும் இருக்கின்றன, மேலே போனதும் நடை கொஞ்சம்தான். பங்குனி உத்தரம் எந்த நாள் என்று பஞ்சாங்கம் பார்த்து, அதற்கு முன்பின் நாட்களில் பழனி வேண்டாம். அந்தக் கூட்டம் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது.

காசைப் பற்றி: நம் ரூபாயை அங்கே மாற்ற அலையாதீர்கள். கடவுச்சீட்டு, விசா, ரிக்கெற் காட்டி வங்கியில் டொலர் வாங்கி, அதை மூவரும் பகிர்ந்து வைத்திருங்கள். யாராவது 2000 ரூபாய் இந்தியத் தாள் தந்தால் வாங்காதீர்கள், 2023இல் புழக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே தேநீர்க் கடையிலும் போனைக் காட்டித்தான் காசு கட்டுகிறார்கள், அதை நம்பிப் போகாதீர்கள். சில்லறைத் தாள் நிறைய வேண்டும். வங்கி அட்டை கொண்டு போனால், வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் இரகசிய எண் நம் ஊர் இலக்கத்துக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றி எறியாமல் ரோமிங் போட்டு வையுங்கள்.

வவுனியா வான்காரர் எழுதியது:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டா. தங்கும் இடம் பற்றி நான் சொல்கிறேன். நாம் தமிழ் பேசினாலும் அங்கே வெளிநாட்டவர். வெளிநாட்டவர் தங்கினால் லொட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்கு அறிவிக்கும் சி படிவம் பதிய வேண்டும். சின்ன லொட்ஜுகள் சிலவற்றுக்கு அந்தப் பதிவு இல்லை, கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்று விடுவார்கள். இரவு பத்து மணிக்கு வயதானவர்களோடு தெருவில் நிற்க நேரும். போனில் கேட்கும்போதே "இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா" என்று கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அவர்களும் பதிய வேண்டும்.

நம் புது வீடுகளில் வரும் சதுரக் கால் பிளக் அங்கே ஏறாது, உருண்டைக் கால்தான். மாற்றி ஒன்று கிளிநொச்சியிலேயே வாங்குங்கள். ரயிலுக்கு 60 நாள் முந்தித்தான் இருக்கை திறக்கும், பிறகு சீக்கிரம் முடிந்துவிடும். உங்கள் நிலைமைக்கு நான் என்றால் திருச்சியில் இருந்தே கார் பேசுவேன். செலவு கூட, ஆனால் பெரியம்மா நினைத்த இடத்தில் இறங்கலாம்.

பரந்தன் சந்தி எழுதியது:

இருவருக்கும் பெரிய நன்றி. மருந்து விசயம் நான் யோசிக்கவே இல்லாதது. இன்னொன்று. அம்மா 1990இல் படகில் போய் மண்டபம் அகதி முகாமில் இருந்தவர், பிறகு திரும்பி வந்துவிட்டார். விசாப் படிவத்தில் முன்பு இந்தியா போனீர்களா என்று கேட்கிறார்கள். ஏஜென்சிக்காரர் "இல்லை என்று போடுங்கள், ஒருவரும் பார்க்கமாட்டார்கள்" என்கிறார். அம்மாவுக்கு அந்த முகாமைத் திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றும் ஆசை.

ஒட்டுசுட்டான் அக்கா எழுதியது:

தம்பி, இல்லை என்று போட வேண்டாம். எக்காரணத்துக்காகவும் வேண்டாம். பொய் எழுதிய படிவத்தில் கையெழுத்து அம்மாவுடையது, ஏஜென்சிக்காரருடையது அல்ல. பிடிபட்டால் மேசைக்கு முன்னால் நிற்கப் போவது அம்மா. அகதியாகப் போனது குற்றம் இல்லை, நம் சனத்தில் எத்தனையோ பேர் அந்தக் கடலைக் கடந்தவர்கள்.

இணையத்தில் தொடங்க முன் யாழ்ப்பாணத்தில் இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். முகாமில் இருந்த பதிவு, திரும்பி வந்தபோது கொடுத்த தாள் என்று எது மிஞ்சியிருந்தாலும் கொண்டு போய்க் காட்டி, இவருக்கு எந்த விசா, எப்படி எழுதுவது என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் எந்த ஆண்டு போனார், எந்த ஆண்டு வந்தார், முகாமின் பெயர் என்ன என்பதை அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பதில் கிடைக்கும் வரை ரிக்கெற்றுக்குக் காசு கட்டாதீர்கள்.

முகாமுக்குள் வெளியார் நினைத்தபடி போக முடியாது, அனுமதி வேண்டும். வாசலில் போய் நின்று கேட்டு அம்மா மனம் நோகக் கூடாது. மதுரையில் இருந்து இராமேஸ்வரம் போகும் தெரு மண்டபம் ஊரைத் தாண்டித்தான் பாம்பன் பாலத்தில் ஏறும். காரில் போனால் ஊருக்குள் நிறுத்தி, அவர் தண்ணீர் எடுத்த பக்கம், கடற்கரை என்று வெளியே இருந்து காட்டலாம். அதற்கு ஒரு அரை நாளை ஒதுக்குங்கள். இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடுவதாக இருந்தால் மாற்றுடுப்பு கையில் வேண்டும், ஈரத்தோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள். எனவே மண்டபத்தையும் தீர்த்தத்தையும் ஒரே நாளில் வைத்து இருவரையும் களைக்க விடாதீர்கள்.

வவுனியா வான்காரர் எழுதியது:

திரும்பும்போது ஒன்று. அங்கே சந்தையில் மிளகாய் விதையும் மாங்கன்றும் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை நிற்காது. தாவர நோய்த்தடுப்பு அனுமதி இல்லாமல் விதையும் கன்றும் கொண்டு வர முடியாது, பலாலியில் எடுத்துவிடுவார்கள். பெரியம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.