மறு: விட்டுவிட்டு நகரும் சாளரம் – ‘தத்தல்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதும் லினக்ஸ் உதவிப் பக்கத்தில் ‘சாப்பி’ (choppy) என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி இத்தனை மடல்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘மடிக்கணினியில் காட்சி விளைவுகள் விட்டுவிட்டு வந்தால் என்ன செய்வது’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் இதே சிக்கல் பதினொரு இடத்தில் வருகிறது. பதினொரு முறையும் ‘விட்டுவிட்டு வருதல்’ என்று எழுதினால் வானிலை அறிக்கை போல ஆகிவிடுகிறது.

> ‘நறுக்கசைவு’ எனலாம். மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

அந்த நெருக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. மூலச் சொல்லை அறியாத ஒருவர் இதைப் படித்தால் கத்தியும் பலகையும்தான் கண்முன் வரும். ‘வெட்டசைவு’ இன்னும் மோசம். பட்டியில் ‘வெட்டு’, ‘நகலெடு’, ‘ஒட்டு’ என்று அந்தச் சொல் எப்போதோ இடம் பிடித்துவிட்டது.

> ‘வேகக்குறைவு’ என்ற எளிய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் பெயரிட விரும்புவது வேகக்குறைவு அல்ல என்பதே என் வாதம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில்தான், அதாவது 24 தனித்தனிப் படங்களில்தான், ஓடுகிறது. யாரும் குறை சொல்வதில்லை. நம் மடிக்கணினித் திரைகளில் பெரும்பாலானவை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒரு சட்டகத்தை வரைந்து முடிக்க ஏறத்தாழ 16.7 மில்லிநொடி அவகாசம். வரைய 17 மில்லிநொடி ஆனால் என்ன நடக்கும்? திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைந்து ஓடும் ஏற்பாட்டில், கெடுவைத் தவறவிட்ட சட்டகம் அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்கும். பழைய படமே 33 மில்லிநொடி நிற்கும். பேருந்தை ஒரு நிமிடத்தில் தவறவிட்டவர் அடுத்த பேருந்துவரை நிற்பதைப் போலத்தான்.

கால் நொடியில் திரையின் குறுக்கே 1500 படப்புள்ளிகள் நகரும் ஒரு சாளரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து சட்டகங்கள், சட்டகத்துக்கு நூறு புள்ளி. ஒன்று தவறினால் சாளரம் ஒரு கணம் நின்று, பிறகு இருநூறு புள்ளி தாண்டிக் குதிக்கிறது. கண் பிடித்துவிடுவது இந்த நிற்றலையும் குதித்தலையும்தான். அந்த நொடியின் சராசரியைக் கணக்கிட்டால் 59 என்று வரும். எண்ணைப் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தோன்றும். ஆகவே ‘வேகக்குறைவு’ என்று எழுதினால் படிப்பவரைத் தவறான எண்ணைப் பார்க்க அனுப்பிவிடுவோம்.

> ‘திணறல்’?

எனக்கும் முதலில் பிடித்த சொல் இதுதான். வினையாக ஓடும், எல்லோருக்கும் புரியும். ஆனால் திணறுவது யார் என்ற கேள்வி வருகிறது. அந்தச் சொல் இயந்திரத்தின் நிலையைச் சொல்கிறது, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லவில்லை. இயந்திரம் திணறாமலேயே திரை விட்டுவிட்டு நகரலாம்.

என் மடிக்கணினியிலேயே அதைப் பார்த்தேன். இயங்குதளத்தின் மையமான கருநிரலைப் புதுப்பித்த மறுநாள் சாளரங்கள் குலுங்கிக் குலுங்கி நகர்ந்தன. படம் வரைவதற்கென்றே உள்ள வரைகலைச் செயலி திணறுகிறது என்று நினைத்து மங்கலாக்கும் விளைவை நிறுத்தினேன், நிழல்களை நிறுத்தினேன், பெரிய மாற்றமில்லை. பிறகுதான் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்தில் படத்தை வரைவது யார் என்று முனையத்தில் (கட்டளை எழுதும் சாளரத்தில்) கேட்டுப் பார்த்தேன். ‘எல்எல்விஎம்பைப்’ என்று விடை வந்தது. அப்படி வந்தால் படத்தை வரைவது மையச் செயலி என்று பொருள். புதிய கருநிரலோடு, வரைகலைச் செயலியை வேலை வாங்கும் நிரலான இயக்கி ஏறவே இல்லை. வரைகலைச் செயலி திணறவில்லை, பாவம், அதற்கு வேலையே வரவில்லை. இயக்கியை மீண்டும் நிறுவியதும் சரியாயிற்று. ஆனால் மின்கலத்தில் ஓடும்போது மட்டும் அதே குலுக்கல் தொடர்ந்தது. அது வேறு காரணம்: மின்சேமிப்பு முறையில் செயலி தன் கடிகாரத்தைத் தாழ்த்திவைத்திருந்தது. அசைவூட்டமோ கால் நொடியில் முடிந்துவிடுகிறது. செயலி விழித்துக்கொண்டு வேகம் கூட்டுவதற்குள் சாளரம் போய்ச் சேர்ந்துவிடும். இதிலும் திணறல் என்று எதுவும் இல்லை. தூக்கக் கலக்கம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

காரணம் பலவாக இருக்க, தோற்றம் ஒன்றாக இருக்கிறது. பயனர் எழுதும் வழு அறிக்கையில் தோற்றத்துக்குத்தான் பெயர் வேண்டும். காரணத்தை நாம் பிறகு தேடிக்கொள்ளலாம்.

‘திக்கல்’ என்ற முன்மொழிவை ஒரே வரியில் ஒதுக்குகிறேன். திக்கிப் பேசும் ஒருவர் தம் கணினியின் பழுதுக்கும் அதே பெயரைப் படிக்க வேண்டுமா?

என் முன்மொழிவு ‘தத்தல்’. குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது, தவளை தத்துகிறது. இருந்த இடம் தெரியும், சேர்ந்த இடம் தெரியும், இடைவழி காணாமல் போகும். சட்டகம் தவறிய சாளரம் செய்வதும் அதைத்தான். சொல் வளைந்தும் கொடுக்கிறது: சாளரம் தத்துகிறது, தத்தும் அசைவூட்டம், தத்தாமல் நகர்கிறது, தத்தல் குறைந்தது. பெயர்ச்சொல்லாக மட்டும் நிற்கும் கலைச்சொற்களோடு நாம் படும் பாட்டை நினைத்தால் இது பெரிய ஆறுதல்.

‘தத்து எடுத்தல்’ குழப்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பொருளில் ‘தத்து’ தனியாக அரிதாகவே வருகிறது. ‘எடு’, ‘கொடு’, ‘பிள்ளை’ என்று ஏதோ ஒன்றைக் கூட்டிக்கொண்டுதான் வரும். சாளரத்தை யாரும் தத்தெடுக்கப் போவதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நூற்பாக்கள் ஒன்றையடுத்து ஒன்று அமையும் முறையை நன்னூல் நான்காகப் பிரிக்கிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. இடையறாமல் ஓடுவது ஆற்றொழுக்கு. இடைவிட்டுத் தாவுவது தவளைப் பாய்த்து. நமக்கு வேண்டிய இணையெதிர் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. அதையே பெயராக வைக்க நான் துணியவில்லை. ‘உங்கள் திரையில் தவளைப் பாய்த்து உள்ளதா?’ என்று கேட்டால் பயனர் கணினியை மூடிவிடுவார். ஆனால் அசைவின் தன்மையைத் தவளையைக் கொண்டு விளக்குவது நம் மரபுக்குப் புதிதல்ல. ‘ஒழுக்கு’ என்பதை எதிர்ச்சொல்லாக எடுக்கலாமா என்றும் பார்த்தேன். கூரை ஒழுக்கு குறுக்கே வருகிறது. நிரல் நினைவகத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் நினைவகக் கசிவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். ‘சீரோட்டம்’ போதும்.

தத்தலை மற்ற மூன்றிலிருந்து பிரித்து வைக்கவும் வேண்டுகிறேன். திரையின் மேல்பாதி புதிய சட்டகமும் கீழ்ப்பாதி பழைய சட்டகமுமாகக் கோடு விழுந்து தெரிந்தால் அது ‘கிழிசல்’. சுட்டியை நகர்த்திச் சற்றுப் பொறுத்துத்தான் அம்புக்குறி வருகிறது என்றால் ‘பின்னடைவு’. எதுவுமே அசையவில்லை என்றால் ‘உறைவு’. இவற்றை ஒரே சொல்லில் கட்டினால் தீர்வு தவறும். தத்தலும் பின்னடைவும் சில சமயம் எதிரெதிராகவே இழுக்கின்றன: சட்டகங்களை வைத்திருக்கும் நினைவிடங்களான இடையகங்கள் இரண்டுக்குப் பதில் மூன்று வைத்து ஒரு சட்டகத்தை முன்கூட்டியே வரையத் தொடங்கினால் தத்தல் குறையும், பின்னடைவு சற்றுக் கூடலாம். 2025 மார்ச்சில் வந்த க்னோம் திரைச்சூழலின் 48 ஆம் பதிப்பில் மூன்றாம் இடையகம் எப்போதும் ஓடாமல் தேவைப்படும்போது மட்டும் சேருவது இதனால்தான். ‘கணினி மெதுவாக இருக்கிறது’ என்ற ஒற்றை வாக்கியத்தில் இதையெல்லாம் எப்படி எழுதுவது?

சாளரங்களை ஒன்றாகக் கோத்துத் திரைக்கு அனுப்பும் நிரலின் பெயரையும் இதே மடலில் முடிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ‘தொகுப்பி’யை நிரல்மொழிக்காரர்கள் கம்பைலருக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘கோப்பி’ என்றால் இலங்கை நண்பர்கள் சிரித்துவிடுவார்கள், அங்கே அது குடிக்கும் காப்பி. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். அதுவரை உதவிப் பக்கத்தில் கேவின், மட்டர் என்று நிரல்களின் பெயரையே எழுதிவிடுகிறேன்.

மறுப்பு இல்லையென்றால் பக்கத்தின் முதல் பத்தி இப்படி இருக்கும். திருத்தங்களை இதன் கீழேயே எழுதுங்கள்:

‘சாளரங்களைத் திறக்கும்போதும் நகர்த்தும்போதும் அசைவு தத்துகிறதா? முதலில் வரைகலை இயக்கி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் மின்னேற்றியை இணைத்துச் சோதியுங்கள். வெளித்திரையில் மட்டும் தத்தினால், மடிக்கணினியில் இரண்டு வரைகலைச் செயலிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று வரைந்த படத்தை மற்றொன்று வாங்கி வெளித்திரைக்கு அனுப்புவதால் நேரம் போகலாம். விளைவுகளைக் குறைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மங்கலாக்கலிலிருந்து தொடங்குங்கள்.’