ஏற்காடு இறக்கத்தில் பிரேக் போதவில்லை: கேலிப்பரை மாற்றலாமா?

கோரிமேடு_ரைடர்:
வணக்கம். என்னுடையது அலுமினிய ஃபிரேம் ரோடு பைக் (சைக்கிள்தான்), ரிம் பிரேக், அதாவது வீலின் ரிம்மை இரு பக்கமும் கட்டை கவ்வும் வகை. அந்தக் கட்டைகளைப் பிடித்திருக்கும் கேலிப்பர் வண்டியோடு வந்த ஏதோ ஒரு சாதாரண கம்பெனி. சமதளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்காடு ஏறிவிட்டு இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்குப் பிடித்தாலும் வண்டி இழுத்துக்கொண்டே போய்த்தான் நிற்கிறது. முன்பிரேக் போடும் கத்தலில் எதிரே வரும் பஸ்காரரே ஒதுங்கிக்கொள்கிறார். 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் விரல் மரத்துப்போகிறது.

பிரேக் கட்டை இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. போன மாதம் ஒரு கடையில் இரண்டு பிரேக் கேபிளையும் புதிதாக மாற்றினார்கள். அதற்கப்புறம் லீவர் இன்னும் கொழகொழவென்று ஆகிவிட்டது. ஷிமானோ கம்பெனியின் 105 மாடல் கேலிப்பர் ஜோடியாக வாங்கிப் போட்டால் சரியாகுமா? இல்லை, டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிடலாமா?

எதிர்க்காற்று:
105 எடுங்க ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். நான் மாற்றியபோது வண்டியே வேறு மாதிரி ஆகிவிட்டது.

கோட்டம்_எடுப்பவன்:
தம்பி, பர்ஸை உள்ளே வையுங்கள். 105 நல்ல கேலிப்பர்தான், மறுக்கவில்லை. ஆனால் இதே கட்டை, இதே கேபிளோடு அதை மாட்டினால் இதே கொழகொழப்புதான் மிஞ்சும். இன்னொன்று, ஷிமானோவில் பழைய லீவருக்கும் புதிய லீவருக்கும் கேபிளை இழுக்கும் அளவு வேறு. பொருந்தாத ஜோடி அமைந்தால் பிடி மந்தமாகும், இல்லாவிட்டால் தொட்டதும் கவ்வும். எது எதோடு சேரும் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. டிஸ்க்கை மறந்துவிடுங்கள். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் அதற்கான மவுண்ட் வேண்டும், வீலும் வேறு வேண்டும். அது புது சைக்கிள் வாங்கும் கதை.

முதலில் முன்கட்டை இரண்டையும் கழற்றி, ரிம்மில் உரசும் முகத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது இறுகிப்போன ரப்பர், எவ்வளவு கனம் மிச்சமிருந்தாலும் பிடிக்காது. நடுநடுவே வெள்ளியாக மினுக்கினால் ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியத் துணுக்கு. அதை ஊசியால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுக்க வேண்டும், விட்டால் ரிம்மையே அரம் போல ராவும். பிறகு உப்புத்தாளைச் சமமான தரையில் விரித்து, பளபளப்பு போகும்வரை கட்டையைத் தேயுங்கள்.

ரிம்மை மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். துணி கறுப்பாக வரும். வேறு துணி எடுத்து, கறுப்பு நிற்கும்வரை துடைக்க வேண்டும். டபிள்யூ.டி. 40, செயின் ஆயில் எதையும் ரிம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் ரிம்மில் தெறித்து, பிரேக் போனதே என்று வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இதெல்லாம் முடித்த பிறகு வீட்டில் யாரையாவது லீவரை முழு பலத்தோடு பிடிக்கச் சொல்லி, நீங்கள் கேலிப்பர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கட்டை ரிம்மைத் தொட்ட பிறகும் லீவர் போய்க்கொண்டே இருந்தால் அந்த இழுப்பு எங்கே வீணாகிறது? கேலிப்பர் கை வளைகிறதா, இல்லை கேபிளைச் சுற்றியிருக்கும் அவுட்டர் குழாய் அமுங்குகிறதா? அதைச் சொல்லுங்கள். அதோடு, கேலிப்பர் பக்கத்தில் வீல் கழற்றுவதற்கான சின்ன ரிலீஸ் நெம்பு இருக்கும், அது மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கோரிமேடு_ரைடர்:
அண்ணா, நெம்பு மூடித்தான் இருக்கிறது. கட்டை நீங்கள் சொன்னதேதான், பளபளப்பு, நடுவில் அரிசி நொய் அளவில் மூன்று நான்கு மினுக்கல். என் தம்பி லீவரைப் பிடித்தபோது கேலிப்பர் கை அவ்வளவாக அசையவில்லை. ஆனால் கேலிப்பர் மேலே கேபிள் நுழையும் திருகில் அவுட்டர் ஒவ்வொரு பிடிக்கும் உள்ளே புதைந்து வெளியே வருகிறது. உருவிப் பார்த்தேன். நுனியைச் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள், கம்பி ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. முனையில் தொப்பியும் இல்லை.

மலைப்பாதை_77:
அவுட்டர் அமுங்குவதுதான் பிரச்சினை என்றால் கியர் அவுட்டர் போடுங்கள் நண்பரே. அது சுத்தமாக அமுங்காது.

கோட்டம்_எடுப்பவன்:
@மலைப்பாதை_77 தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, அவற்றைப் பிடித்து வைத்திருப்பது மேலே உள்ள பிளாஸ்டிக் உறை மட்டும்தான். கியருக்கு அது போதும். அவசரத்தில் பிரேக்கை அழுத்தும்போது வரும் இழுவிசைக்கு அந்தக் கம்பிகள் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், பிரேக் அந்த நொடியே இல்லை. பிரேக் அவுட்டரில் பட்டைக் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். அது கொஞ்சம் அமுங்கும், ஆனால் வெடிக்காது. பிரேக் அவுட்டர் பெரும்பாலும் 5 மி.மீ., கியர் அவுட்டர் 4 மி.மீ. அமுங்காத அவுட்டர்தான் வேண்டுமென்றால் பிரேக்குக்கென்றே வலுவூட்டிச் செய்தது தனியாக விற்கிறது, விலைதான் கூட.

தம்பி, உங்களுக்குச் சாதாரண பிரேக் அவுட்டரே போதும். கேபிள் கட்டரால் நேராக வெட்டி, நுனியை அரத்தால் சமப்படுத்தி, நசுங்கிய துவாரத்தை ஊசியால் விரித்து, தொப்பி போட்டு மாட்டச் சொல்லுங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது இழுபடாத நீளம் இருந்தால் போதும். கட்டையும் மாற்றிவிடுங்கள். கூல் ஸ்டாப் கம்பெனியின் சால்மன் நிறக் கட்டை கிடைத்தால் நல்லது, ஈரத்திலும் பிடிக்கும். ரப்பர் மட்டும் உருவி மாற்றும் வகை என்றால், ஹோல்டரின் மூடிய பக்கம் வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது ரப்பர் உருவிக்கொண்டு போய்விடும். கத்தலுக்கு, கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் விசிட்டிங் கார்டை வைத்து, லீவரைப் பிடித்தபடி போல்ட்டை இறுக்குங்கள். முன்முனை முதலில் தொடும், கத்தல் அடங்கும். கட்டை டயரில் உரசவே கூடாது.

அடிவாரம்_அக்கா:
வண்டி சரியாகிவிடும், கை என்ன செய்கிறது என்றும் பாருங்கள் தம்பி. விரல் மரத்துப்போகிறது என்றால் மேலே ஹூட்டில் (லீவரின் ரப்பர் மூடிய மேல்பகுதி) கை வைத்து, அடிவாரம்வரை விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் கை வையுங்கள், லீவரின் நுனியைப் பிடிக்கலாம், பாதி பலம் போதும். வளைவுக்கு முன்னால் வண்டி நேராக இருக்கும்போதே அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போனதும் விடுங்கள். அந்த இடைவெளியில் ரிம் ஆறும். முன்பிரேக்குக்குப் பயப்பட வேண்டாம், நிறுத்துவதே அதுதான். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் வலது லீவர். பிடிக்கும்போது இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். மழைக்காலத்தில் வீலின் முதல் ஓரிரு சுற்றுக்கு ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைக்கத்தான் கட்டைக்கு நேரம் சரியாக இருக்கும், அதனால் முன்கூட்டியே லேசாகப் பிடித்துவிடுங்கள். குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும் வளைவுகளில் எப்படியும் மெதுவாகத்தான் போக வேண்டும்.

கோரிமேடு_ரைடர்:
வேறு கடையில் அவுட்டர் மாற்றியாயிற்று, கட்டையும் புதிது (சால்மன் கிடைக்கவில்லை, ஷிமானோ கட்டைதான்). நேற்று இறங்கினேன். முன்பிரேக் பாதி தூரத்திலேயே கல் மாதிரி நிற்கிறது, சத்தமும் இல்லை. பின்பிரேக் மட்டும் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. ரிம்மைத் துடைக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. பக்கவாட்டில் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளக் கோடு ஓடுகிறது, முன்வீலில் சில இடங்களில் அது தெரியவே இல்லை. அழுக்கா அண்ணா?

கோட்டம்_எடுப்பவன்:
பின்பிரேக்குக்குக் கேபிள் நீளம், அந்த மெத்து கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், விடுங்கள். அந்தக் கோடு அழுக்கில்லை, ரிம் தேய்மானத்தைக் காட்டும் அடையாளம். அது மறைந்தால் ரிம் முடிந்தது என்று கணக்கு. கட்டையில் மினுக்கிய துணுக்கெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். ஒரு ஸ்கேலை ரிம் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழிந்துவிட்டது. அந்த நிலையில் காற்றழுத்தமும் பிரேக் சூடும் சேர்ந்து ரிம் சுவர் பிளக்கும். 105க்கு வைத்திருந்த காசில் முன்வீலுக்கு ரிம் வாங்குங்கள். அதுவரை ஏற்காடு வேண்டாம், சமதளத்திலேயே ஓட்டுங்கள். ஸ்கேல் வைத்த படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.