மறு: மறு: ஆம்பிகுவஸ் ஓவர்லோடு – தமிழில் எது?

மொழிபெயர்ப்பாளர்:
சி++ நிரல்பெயர்ப்பியின் (கம்பைலர்) பிழைச்செய்திகளைத் தமிழாக்கி வெள்ளிக்குள் ஒப்படைக்க வேண்டும். அதில் ‘ஆம்பிகுவஸ் ஓவர்லோடு’, அதாவது ஒரே பெயருள்ள செயற்கூறுகளில் (ஃபங்ஷன்) எதை அழைப்பது என்று முடிவாகாத பிழை, தமிழில் எது? எடுத்துக்காட்டாக, ஒரே பெயரில் எஃப்(லாங்), எஃப்(கேர்) இரண்டும் உள்ளன; ஒன்று லாங் இன முழுஎண்ணை ஏற்கும், மற்றது கேர் என்னும் குறியுருவை (கேரெக்டர்). எஃப்(10) என்று அழைத்தால், 10 இன்ட் என்னும் வழக்கமான முழுஎண் இனம் என்பதால் எதற்குப் போனாலும் இனமாற்றம் தேவை. இரண்டும் ஒரே தரம். நிரல்பெயர்ப்பி கைவிரிக்கிறது. இப்போதைக்குத் ‘தெளிவற்ற அழைப்பு’ என்று வைத்திருக்கிறேன். பெயர் வருமிடத்தில் இடக்குறி (உண்மைப் பெயர் பின்னர் நிரப்பப்படும் குறி) நிற்பதால் வேற்றுமை உருபு ஒட்டாது; ‘என்னும்’ சேர்த்தே எழுத முடியும்.

புலவர்:
தெளிவுக்கு என்ன குறை? 10 தெளிவாகத்தானே இருக்கிறது! வழிதான் இரண்டாகப் பிரிகிறது. கவர் என்றால் பிளவு. ‘கவர் அழைப்பு’ எனலாம். அல்லது நன்னூலாரின் பொதுமொழி: வேங்கை மரமும் ஆகும், வேம்+கை எனப் பிரிந்து வேகின்ற கையும் ஆகும். ஆகவே ‘பொது அழைப்பு’.

கல்லூரி ஆசிரியர்:
ஐயா, கவர் என்றால் வகுப்பில் தபால் உறைதான். பொது அழைப்பு என்றால் பந்திக்கே கிளம்பிவிடுவார்கள். வேற்றுமை மயக்கம் பள்ளியிலேயே படித்தது. ‘அழைப்பு மயக்கம்’ போதும்.

நிரலாளர்:
மயக்கம் என்பது ஒன்றன் இடத்தில் இன்னொன்று வருவது. அது வேறு கோளாறு. எஃப்(கேர்), எஃப்(இன்ட்) வைத்துக்கொண்டு சைன்டு கேர் (எதிர்மதிப்பும் ஏற்கும் கேர்) மதிப்பை அனுப்பிப் பாருங்கள். கேர், சைன்டு கேர், அன்சைன்டு கேர் மூன்றும் தனித்தனி இனங்கள். சைன்டு கேர் இன்ட் ஆவது இன உயர்வு, கேர் ஆவது வெறும் மாற்றம்; உயர்வே வெல்லும். பிழைச்செய்தியே வராது, எழுத்து என்று நினைத்தது எண்ணாகப் போய்ச்சேரும். அதைத்தான் மயக்கம் என்க. தரம் சமமாகி நிற்பது ‘இழுபறி’.

புலவர்:
இழுபறி தேர்தல் செய்திச் சொல். அது கிடக்கட்டும், கேர் என்பதற்கு ‘எழுத்து’ என்றே எழுதலாமே, குறியுரு எதற்கு?

நிரலாளர்:
‘க’ யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் 3 பைட், ‘கி’ 6. கேர் 1 பைட். ஒற்றை மேற்கோளில் ‘க’ போட்டால் பழைய ஜிசிசி நிரல்பெயர்ப்பி எச்சரித்துவிட்டு அதை இன்ட் ஆக்கும், எஃப்(இன்ட்) ஓடும். கிளாங் என்னும் நிரல்பெயர்ப்பி பிழை என்று தள்ளிவிடும். கேர் தமிழெழுத்தைத் தாங்காது ஐயா, குறியுருவே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
ஆசிரியர் சொன்ன ‘அழைப்பு மயக்கம்’ என்பதையே இடுகிறேன். கூடவே ஒரு வரி: ‘10எல் என எழுதுக, அல்லது எஃப்(இன்ட்) சேர்க்க’. எல் ஒட்டிய 10 லாங் இனம் என்பதால் எஃப்(லாங்) சரியாகப் பொருந்தும்.

நிரலாளர்:
என் மறுப்பையும் குறிப்பில் சேருங்கள். எஃப்(லாங்), எஃப்(கேர் சுட்டு) இருக்க (சுட்டு என்பது நினைவக முகவரி, பாயின்டர்), எஃப்(0) அழைத்தாலும் இதே பிழை; 0 வெற்றுச் சுட்டாகவும் ஆகும். அங்கே எண்ணும் சுட்டும் மோதுகின்றன. அதற்கும் மயக்கம்தானா?