யூவி-5ஆர் செகண்ட் ஹேண்ட்: ரிப்பீட்டர் நன்றாகக் கேட்கிறது, என் குரல் போகவில்லை

புதுக்காது:

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, அழைப்புக்குறி வியூ3 இல் தொடங்கும். ஊர் நாமக்கல் பக்கம். தேர்வுக்காக ஓம் விதி முதல் அயனமண்டலம் வரை மனப்பாடம் செய்தேன். ஆனால் ஒரு செட்டை ஆன் செய்து, நம் குரலை வாங்கி வேறு அலைவரிசையில் தூரத்துக்கு அனுப்பும் ரிப்பீட்டரில் பேசுவது எப்படி என்று நான் படித்த எதிலும் இல்லை.

தெரிந்த சீனியர் ஒருவர் தன் பழைய யூவி-5ஆர் வாக்கி-டாக்கியை 1,200 ரூபாய்க்குக் கொடுத்தார். சீரியல் நம்பர் போட்டுக் கடிதமும் தந்தார். வீட்டுக்கு வந்து குமிழைத் திருகியதும் ஒரு சீனப் பெண்மணி பேசினார். மெனு 40 இல் முழு ரீசெட் செய்துவிட்டுக் கொடுத்திருக்கிறார் போல.

கம்ப்யூட்டர் வழியாகப் புரோகிராம் செய்யலாம் என்று ஆன்லைனில் ஒரு கேபிள் வாங்கினேன். விண்டோஸ் 11 இல் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்தான் வருகிறது. செட்டைப் புரோகிராம் செய்யும் சிர்ப் மென்பொருளில் போர்ட்டே காட்டவில்லை. சரி, கையாலேயே போடுவோம் என்று விஎஃப்ஓ முறையில் (அலைவரிசையை நேராக அடிக்கும் முறை) ரிப்பீட்டர் அலைவரிசையை அடித்தேன். மெனு 25 இல் ஷிஃப்ட் (அனுப்பும் அலைவரிசையைத் தள்ளும் திசை) மைனஸ், 26 இல் தள்ளும் அளவு 0.6, 13 இல் ரிப்பீட்டரைத் திறக்கச் சொன்ன டோன். மொட்டை மாடியில் நின்றால் ரிப்பீட்டரில் பேசுபவர்கள் பக்கத்து வீட்டில் இருந்து பேசுவதுபோலக் கேட்கிறது. நான் பிடிடி (பேசும் விசை) அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது. விட்டால் ஒன்றுமில்லை, யாரும் பதில் தருவதில்லை. மூன்று நாளாக இதே கதை.

இன்னொன்று. ஒரு கடையில் மோட்டோரோலா ஜிபி300 இருக்கிறது, 1,500 சொல்கிறார்கள். பேசாமல் அதை வாங்கிவிடலாமா?

மாடிவெயில்:

டோனைப் பாருங்க. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அதுதான். 13 தான் அனுப்பும் டோன். 11 இல் போட்டால் அது கேட்பதற்கு. 12 இல் டிசிஎஸ் (டோனுக்குப் பதிலான டிஜிட்டல் குறியீடு) ஏதாவது மாட்டியிருந்தால் அதை ஆஃப் செய்யுங்க.

புதுக்காது:

13 தான் அண்ணா, நான்கு முறை பார்த்துவிட்டேன். 10, 11, 12 மூன்றும் ஆஃப்.

செம்புக்கம்பி:

தம்பி, பேட்டரியைச் சந்தேகப்படு. பழைய செட் என்றால் நான் முதலில் மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன். முழு சார்ஜில் இரண்டு செல் சேர்த்து 8.4 வோல்ட் அருகே வர வேண்டும். சும்மா இருக்கும்போது 8.2 காட்டி, பேசும்போது சடாரென்று இறங்கிப் பீப் அடித்தால் பேட்டரி போய்விட்டது. பின்பக்கம் கொஞ்சம் உப்பி, செட்டில் மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் அதை உபயோகிக்கவே வேண்டாம்.

அப்புறம் ஆன்டெனா அடியில் இருக்கும் எஸ்எம்ஏ இணைப்பு. விரலால் லேசாக ஆட்டிப் பார். பழைய செட்டில் அதுதான் முதலில் தளரும்.

புதுக்காது:

பேட்டரி உப்பவில்லை, பேசும்போது பீப்பும் இல்லை. ஆன்டெனா அடி லேசாக ஆடுகிறது. ஆனால் கேட்பது இவ்வளவு தெளிவாக இருக்கிறதே?

பழைய ஷாக்:

லேசான ஆட்டத்துக்கு ரிப்பீட்டர் திறக்காமல் போகாது, அதை விடு. எனக்கு உறுத்துவது வேறு. 26 இல் "0.6 போட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்தத் திரையில் 0.6 என்று போடவே முடியாது தம்பி. புள்ளிக்கு விசையே கிடையாது, அது ஐந்து இலக்கம் கேட்கும். நீ எந்தெந்த எண்ணை எந்த வரிசையில் அழுத்தினாய் என்று அப்படியே எழுது.

அதுவரை பிடிடி பக்கம் கையைக் கொண்டுபோகாதே. அழுத்தாமலேயே பார்க்க வழி இருக்கிறது. ரிப்பீட்டர் அலைவரிசையில் நின்றுகொண்டு ஸ்டார் விசையைச் சட்டென்று ஒரு தட்டு தட்டு. பிடித்துக்கொண்டே இருந்தால் ஸ்கேன் ஓடத் தொடங்கிவிடும், தட்டினால் ரிவர்ஸ். மேலே சின்னதாக ஆர் என்ற எழுத்து வரும், நீ அனுப்பும் அலைவரிசை திரையில் தெரியும். அது என்ன என்று சொல்.

கேபிள்காரி:

அவர் பார்த்துச் சொல்வதற்குள் கேபிள் விஷயத்தை முடித்துவிடுகிறேன். மஞ்சள் முக்கோணத்தை இரண்டு முறை தட்டிப் பாருங்கள், எரர் கோட் 10 என்று இருந்தால் உள்ளே இருப்பது பிஎல்2303 சிப்பின் போலியாகத்தான் இருக்கும். புது டிரைவர் போலியைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுக்கும். வழி இரண்டு. பழைய 3.2.0.0 டிரைவரைப் போட்டு, டிவைஸ் மேனேஜரில் அதையே கையால் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் அப்டேட் வந்து மறுபடி மாற்றிவிட்டால் மறுபடி இதே வேலை. இல்லையென்றால் எஃப்டிடிஐ அல்லது சிஎச்340 சிப் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். நான் இரண்டு வருடம் முதல் வழியில் மல்லுக்கட்டிவிட்டு இரண்டாவதுக்கு வந்தேன். வீட்டில் லினக்ஸ் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதே போலிக் கேபிள் சாதுவாக ஓடும். பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்தால் போதும்.

போர்ட் வந்த பிறகும் "ரேடியோ பதில் தரவில்லை" என்று சிர்ப் சொன்னால் பயப்படாதீர்கள். கேபிளின் இரட்டைப் பின் பிளக் முழுதாக உள்ளே போயிருக்காது. கடைசி ஒரு மில்லிமீட்டருக்குப் பிளக்கின் பிளாஸ்டிக் செட்டின் உடம்பில் இடிக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் டிக்கென்று உட்காரும். உட்காராவிட்டால் பிளேடால் அந்த விளிம்பைக் கொஞ்சம் சீவிவிடுங்கள்.

முதல் வேலை செட்டில் இருப்பதை இறக்கி, கோப்பைத் தேதி போட்டுச் சேமித்து வைப்பது. பிறகுதான் திருத்தம். வேறு ஒருவர் அனுப்பிய கோப்பை அப்படியே உங்கள் செட்டில் ஏற்ற வேண்டாம். வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஃபர்ம்வேர் வேறாக இருக்கும், செட் குழம்பிப்போகும். அவர் சேனல் பட்டியல் வேண்டுமென்றால் காபி செய்து உங்கள் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

புதுக்காது:

பழைய ஷாக் சார், நீங்கள் சொன்னதுபோல ஸ்டார் தட்டினேன். 139 இல் தொடங்குகிறது! 26 இல் அழுத்தியது 0, 6, 0, 0, 0. திரையில் 06.000 என்று இருக்கிறது. 0.6 தானே என்று நினைத்துவிட்டேன்.

பழைய ஷாக்:

அதேதான். அது 6 மெகாஹெர்ட்ஸ். நமக்கு வேண்டியது 600 கிலோஹெர்ட்ஸ், அதாவது 00.600. ரிப்பீட்டர் 145.700 என்று வைத்துக்கொள், அது காது வைத்திருப்பது 145.100 இல். நீ மூன்று நாளாக 139.700 இல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். டோன் சரி, பேட்டரி சரி, வாசல்தான் வேறு.

கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் நாட்டில் 2 மீட்டர் (விஎச்எஃப்) பட்டையில் நமக்குக் கொடுத்திருப்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். யூஎச்எஃப்பில் 434 முதல் 438. இந்தச் செட்டோ 136 இலிருந்து 174 வரை எங்கே கேட்டாலும் அனுப்பும், தடுக்காது. 139 இல் வேறு யாரோ வேலை செய்துகொண்டிருப்பார்கள். அதனால் கையால் ஷிஃப்ட் போட்டால் ஸ்டார் தட்டிப் பார்க்காமல் பேசாதே. எனக்கு இன்றைக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

மெனு 7 டிடிஆரையும் ஆஃப் செய்துவிடு. அது ஆனில் இருந்தால் மேல் வரி, கீழ் வரி இரண்டையும் மாறி மாறிக் கேட்கும். கீழ் வரியில் சத்தம் வந்த நேரத்தில் பிடிடி அழுத்தினால் கீழ் வரியில் போய்விடும்.

மாடிவெயில்:

நான் டோன் என்றேன், மன்னிக்கவும் 😀 தொண்ணூறு போக மீதி பத்தில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள்.

செம்புக்கம்பி:

ஜிபி300 கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. செட் இரும்பு மாதிரி, காவல்துறைக்காரர்கள் கையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் மேல் ஒரு ஆசை இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் வாங்குவதற்கு முன் பின்பக்க லேபிளைப் படி. மாடல் எண்ணில் முதல் எழுத்துக்கு அடுத்து 93 என்றால் விஎச்எஃப், 94 என்றால் யூஎச்எஃப். அதோடு முடியவில்லை. விஎச்எஃப்பிலேயே 136-162 என்று ஒன்று, 146-174 என்று ஒன்று. இரண்டாவது நம் 144-146 க்கு மேலே தொடங்குகிறது. யூஎச்எஃப்பில் 438-470 வகை என்றால் நம் பட்டை முடிகிற இடத்தில்தான் அது தொடங்கும். 1,500 ரூபாய்க்கு மேசை மேல் வைக்க நல்ல கனம்.

சரியான வகையே கிடைத்தாலும் புரோகிராம் செய்ய டாஸ் மென்பொருளும், இடையில் ஆர்ஐபி என்ற பெட்டியும், அந்த மென்பொருள் மிரளாத மெதுவான பழைய கம்ப்யூட்டரும் வேண்டும். கீபேட் இல்லாத செட்டில் போகிற ஊரில் அலைவரிசை மாற்ற வழியே கிடையாது. முதல் செட்டுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. கமர்ஷியல் செட்தான் வேண்டும் என்றால் கென்வுட் டிகே வரிசை பார். மாடல் எண் 2 இல் தொடங்கினால் விஎச்எஃப், 3 இல் தொடங்கினால் யூஎச்எஃப், இரட்டைப் பின் உள்ளவற்றுக்கு நீ வாங்கிய அதே மாதிரிக் கேபிள் போதும். அதிலும் பட்டை எங்கே தொடங்குகிறது என்று லேபிளில் பார்த்த பிறகே காசைக் கொடு.

திருவிழாக்குழு:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் ஊர்த் தேரோட்டத்துக்குத் தன்னார்வலர்கள் பேசிக்கொள்ள இதே செட் ஆறு வாங்கலாம் என்றிருக்கிறோம். லைசென்ஸ் யாரிடமும் இல்லை. குறைந்த பவரில் வைத்தால் பரவாயில்லையா?

பழைய ஷாக்:

வேண்டாம் ஐயா. பவரைக் குறைத்தாலும் அது லைசென்ஸ் கேட்கும் செட்தான். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதற்கென்றே அனுமதிச் சான்றோடு வரும் குறைந்த பவர் செட்டாக வாங்குங்கள். யூவி-5ஆரில் 446 அடித்தால் அது அந்தச் செட் ஆகிவிடாது. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி விவரம் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்ற ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. விளம்பரத்தில் "லைசென்ஸ் தேவையில்லை" என்று இருப்பதை மட்டும் நம்பிக் காசைப் போடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ஹாம் கிளப் இருந்தால் கேட்டுப் பாருங்கள், தேரோட்டத்துக்கு வந்து உதவ ஆள் கிடைக்கலாம்.

புதுக்காது:

திறந்துவிட்டது!! 00.600 போட்டேன், ஸ்டார் தட்டினேன், 145 இல் தொடங்கியது. மாடிக்குப் போய் அழுத்தி என் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு விட்டேன். ஒரு நொடி "ஷ்ஷ்" என்று ரிப்பீட்டரின் வால் கேட்டது, பிறகு அமைதி. அந்த ஒரு நொடிக்குத்தான் மூன்று நாள். கை நடுங்கியது, அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. சேலத்திலிருந்து ஒரு ஓஎம் (ஹாம் நண்பர்) திரும்பக் கூப்பிட்டார். பேரைச் சொன்னேன், "குரல் மெலிசா இருக்கு, மைக்கைப் பக்கத்துல வைங்க" என்றார். பக்கத்தில் வைத்தும் அப்படியே இருக்கிறது என்றார்.

கேபிள்காரி:

வாழ்த்துகள்! மெனு 5 பாருங்கள். நேரோ (குறுகிய பட்டை) என்று இருந்தால் வைடு (அகலப் பட்டை) ஆக்குங்கள். வைடில் ஓடும் ரிப்பீட்டரில் நேரோவில் பேசினால் குரல் தொலைவில் இருப்பதுபோலத்தான் போகும். மைக் ஓட்டை முன்பக்கம் சின்னதாக இருக்கும், விரலால் மூடிவிடாதீர்கள். நானும் ஒரு வாரம் மூடிக்கொண்டு பேசியவள்தான்.

கையால் மெமரியில் சேமிப்பதாக இருந்தால் கேட்கும் அலைவரிசையை ஒரு முறை, அனுப்பும் அலைவரிசையை அதே சேனலில் இன்னொரு முறை என்று இரண்டு தடவை சேமிக்க வேண்டும். கேபிளைச் சரிசெய்துவிட்டால் சிர்ப்பில் ஒரே வரி. ஆஃப்செட் (ஷிஃப்ட் அளவு) கட்டத்தில் மட்டும் 0.6 என்று போடுங்கள். 600 என்று போட்டுவிட்டு இங்கே வந்தவர்களும் உண்டு.

புதுக்காது:

நேரோவில்தான் இருந்தது அக்கா, மாற்றிவிட்டேன். இப்போது நன்றாகக் கேட்கிறதாம். லேப்டாப்பில் பென் டிரைவில் இருந்து லினக்ஸ் போட்டேன், அதே மஞ்சள் முக்கோணக் கேபிளில் செட்டை இறக்கிச் சேமித்தாயிற்று. மெனு 14 இல் சீனப் பெண்மணிக்கும் விடைகொடுத்துவிட்டேன்.

கடைக்குப் போய் ஜிபி300 லேபிளையும் பார்த்தேன். 94 தான், 438-470. வைத்துவிட்டு வந்தேன். ஆடுகிற ஆன்டெனா அடிக்கு உள்ளே ஒரு நட் இருக்கிறதாமே, அதை இறுக்கப் பின் மூடியைக் கழற்ற வேண்டுமா? அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.

பழைய ஷாக்:

போடு. குமிழை முதலில் உருவிவிட்டு, பேட்டரிக்கு அடியில் இருக்கும் திருகாணிகளைப் படம் எடுத்து வை, நானும் வந்து பார்க்கிறேன். 73, வாழ்த்துகள்.