லாக் ஃபைலை அழித்தும் டிஸ்கில் இடம் திரும்பவில்லை: டிஎஃப் 47ஜி, டியூ 21ஜி

கேள்வி:
லினக்ஸ் சர்வரில் ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. ஃபைல்சிஸ்டம் இஎக்ஸ்டி4. டிஸ்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் -ஹெச் காட்டுவது: மொத்தம் 49ஜி, பயன்பாடு 47ஜி, மிச்சம் 0. ஊதிக்கொண்டே போன 26ஜி லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழித்தாயிற்று, டிஎஃப் அசையவே இல்லை. ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ -எஸ்எக்ஸ்ஹெச் / போட்டால் 21ஜி தான் வருகிறது. மீதி எங்கே? கனெக்‌ஷன்கள் ஓடிக்கொண்டிருப்பதால் சர்வீஸை இப்போது ரீஸ்டார்ட் செய்ய முடியாது.

பதில் 1:
டியூ டைரக்டரி டைரக்டரியாகப் போய், பெயருள்ள ஃபைல்களை மட்டும் கூட்டும். டிஎஃப் எத்தனை பிளாக் (டிஸ்க் இடத்தின் சிறு துண்டு) செலவாகியிருக்கிறது என்று ஃபைல்சிஸ்டத்திடமே கேட்கும். ஆர்எம் எடுத்தது பெயரை மட்டும்தான். சர்வீஸ் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருப்பதால் பிளாக்குகள் விடுபடவில்லை. யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்:

சூடோ எல்சாஃப் +எல்1

எல் பெரிய எழுத்து. பெயரில்லாமல், லிங்க் (ஃபைலைச் சுட்டும் பெயர்கள்) எண்ணிக்கை 0 ஆகி, இன்னும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரும். பிஐடி (ப்ராசஸின் எண்) 1234, எஃப்டி (திறந்த ஃபைலுக்கு ப்ராசஸ் வைத்திருக்கும் எண்) பத்தியில் 4டபிள்யூ என்று வந்தால் (டபிள்யூ என்றால் எழுதத் திறந்தது) இதைப் போடுங்கள்:

சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 /ப்ராக்/1234/எஃப்டி/4

எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். பக்கத்து எஃப்டி ஒரு டேட்டாபேஸ் ஃபைலாக இருந்தால் அது காலி, மீட்க வழியில்லை. லாக் தேவையென்றால் காலி செய்யுமுன் அதே பாதையிலிருந்து வேறு டிஸ்குக்கு சிபி செய்யலாம். சூடோவுக்குப் பின்னால் > குறி போட்டு காலி செய்ய முயல வேண்டாம்; ஃபைலைத் திறப்பது உங்கள் சாதாரண ஷெல், ஆகவே பெர்மிஷன் இல்லை என்றுதான் வரும்.

கேள்வி கேட்டவர்:
டிஎஃப் 21ஜிக்கு இறங்கிவிட்டது, நன்றி. ஆனால் சில விநாடிகளில் எல்சாஃப் மறுபடியும் 26ஜி என்கிறது. திரும்ப நிரம்புகிறதா?

பதில் 2:
நிரம்பவில்லை. உங்கள் ப்ரோகிராம் லாக்கை அப்பெண்ட் முறையில் (எப்போதும் ஃபைலின் கடைசியில் சேர்த்து எழுதும் முறை) திறக்கவில்லை. காலி செய்தாலும் அது விட்ட இடத்திலிருந்து, அதாவது 26ஜியாவது பைட்டிலிருந்தே எழுதுகிறது. முன்னால் இருப்பது வெறும் ஓட்டை, அதற்கு பிளாக் கிடையாது. எல்சாஃப் காட்டுவது ஃபைலின் நீளம், டிஎஃப் காட்டுவது உண்மையில் பிடித்த இடம். டிஎஃப்பை நம்புங்கள்.

ஆனால் வேலை முடியவில்லை. லாக் இன்னும் பெயரில்லாத அந்த ஃபைலுக்குத்தான் போகிறது. ப்ராசஸ் நின்றால் அத்தனையும் போய்விடும். ஃபைலைப் புதிதாகத் திறக்க வைக்க வேண்டும். அதற்கு ஓடும் ப்ரோகிராமுக்கு கில் கட்டளையால் ஒரு சிக்னல் (சிறு அறிவிப்பு) அனுப்பலாம்: என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1, ஆர்சிஸ்லாக்குக்கு ஹெச்யூபி. உங்கள் சர்வீஸ் எந்த சிக்னலைப் புரிந்துகொள்கிறது என்று ஆவணத்தில் பார்த்த பிறகே கில் போடுங்கள். இந்த இரண்டையும் கையாளத் தெரியாத ப்ரோகிராமுக்கு இவை வந்தால் அது செத்துவிடும், இதில் பலர் தவறுகிறார்கள்.

நிரந்தரத் தீர்வு லாக்ரொட்டேட், அதாவது பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கும் கருவி. சிக்னல் வேலை செய்யும் சர்வீஸ் என்றால் கிரியேட் (புது லாக் ஃபைலை உருவாக்கும் அமைப்பு) உடன் போஸ்ட்ரொட்டேட் (ஒதுக்கி முடிந்ததும் ஓடும்) பகுதியில் அந்த சிக்னலை எழுதுங்கள். காப்பிட்ரன்கேட் (லாக்கை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும் முறை) கடைசிப் புகலிடம் மட்டுமே: நகலெடுத்து முடிவதற்கும் காலி செய்வதற்கும் இடையில் வந்த வரிகள் தொலையும், நகலுக்கு இடமும் வேண்டும், 49ஜி பார்ட்டிஷனில் 26ஜி லாக்குக்கு அது ஏது? மேக்ஸ்சைஸ் (அளவு வரம்பு) 500எம் என்று வைத்தாலும், லாக்ரொட்டேட் ஓடும்போதுதான் அளவைப் பார்க்கும். நாளைக்கு ஒரு முறை ஓடினால் போதாது, மணிக்கு ஒரு முறை ஓட விடுங்கள். மாற்றிய பின் லாக்ரொட்டேட் -டி கொடுத்து ஒத்திகை பாருங்கள், அது எதையும் தொடாது.

பதில் 3:
ஒரு சிறு விஷயம் விட்டுப்போனது. 49இல் 47 போனால் 2ஜி மிஞ்ச வேண்டும், டிஎஃப் ஏன் 0 என்றது? இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு ஒதுக்கி வைக்கும். வெறும் டேட்டா மட்டும் இருக்கும் பெரிய டிஸ்கில் ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 போட்டுக் குறைக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் கைவைக்காதீர்கள். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் உள்ளே நுழைந்து சரிசெய்ய அந்த இடம்தான் கைகொடுக்கும்.

இதே அறிகுறியோடு வந்து, எல்சாஃப் ஒன்றும் காட்டாவிட்டால்: வேறு டிஸ்க் மவுண்ட் ஆக (இணைய) வேண்டிய டைரக்டரிக்குள், அது மவுண்ட் ஆகாத நேரத்தில் பேக்கப் எழுதப்பட்டு, பிறகு மேலே அந்த டிஸ்க் மவுண்ட் ஆகி பேக்கப்பை மறைத்திருக்கலாம். மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி செய்து, /எம்என்டி மேல் டியூ போட்டால் அடியில் கிடப்பது தெரியும். பார்த்து முடித்ததும் அன்மவுண்ட் செய்யாமல் /எம்என்டிக்குள் எதையும் அழிக்க வேண்டாம், அது உங்கள் நிஜ ரூட்.